என் பேரில் பதிவான துடிப்பு

தண்ணீர் மீட்டர் படிக்கிற ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள், அதில் எங்காவது நான் நல்லவனாகக்கூட வந்துவிடுவேன். அதை என்னால் சகித்துக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லோருக்கும் அவர் ‘மீட்டர்’. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, தோளில் ஒரு பை. பைக்குள் ஓர் இரும்புக் கொக்கி, கந்தல் துணி, டார்ச், அட்டை போட்ட நோட்டு. வாசல் தரையில் பதித்திருக்கும் மூடியைக் கொக்கியால் தூக்குவார். மண்டியிட்டுத் தலையைக் குழிக்குள் விட்டு, பூச்சியைத் தட்டி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணை வாய்விட்டு இரண்டு தடவை படிப்பார். அப்புறம்தான் எழுதுவார். முதல் தடவை கண்ணுக்காம், இரண்டாம் தடவை கைக்காம்.

அவருடைய ஆபீஸில் எல்லோரும் அப்படி இல்லை. டீக்கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அதற்குக் குத்துமதிப்பு ரீடிங் என்று பெயர். இருபத்தாறு வருஷத்தில் மீட்டர் ஒரு தடவைகூடக் குத்துமதிப்பாக எழுதியதில்லை. கேட் பூட்டியிருந்தால் மறுநாள் வருவார், மறுநாளும் பூட்டியிருந்தால் அதற்கும் மறுநாள். இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. ஒரு தடவை நான் அந்த நாயைத் திட்டியபோது, அதற்கும் ஒரு டூட்டி இருக்கிறதல்லவா என்று அதற்காகப் பரிந்து பேசினார்.

அவர் எனக்குப் பழக்கமானதே ஒரு கசிவால்தான். நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு விடுமுறை நாள் காலையில் கதவைத் தட்டினார். முந்தின நாள் என் மீட்டரைப் படித்திருக்கிறார்; குழாய் எல்லாம் மூடியிருந்தும் உள்ளே சின்ன முள் சுற்றிக்கொண்டிருந்ததாம். வீட்டில் நான் இல்லை. விஷயத்தை என்னிடம் சொல்லாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று, லீவு நாளில், தன் தெருவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சமையலறைத் தரைக்கு அடியில் குழாய் ஓட்டையாகி, சுவர் அடிவாரம் ஊறிப் போயிருந்தது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் சுவரே இறங்கியிருக்கும் என்றார் கொத்தனார். அன்றிலிருந்து மீட்டர் தினமும் காலை டூட்டிக்குப் போகிற வழியில் என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவது வழக்கமானது.

இனி என்னைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டர் நான். ரிட்டயரான அன்றே, மிச்ச ஆயுளை உட்கார்ந்தே தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். கோபம் மட்டும் என்னோடு கூடவே ரிட்டயராகி வந்துவிட்டது.

என் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வாயு என்றார்கள். எனக்கு அறுபத்தொன்றில் அதே வலி வந்தது. மணிக்கட்டு வழியாக ஒரு கம்பியை விட்டு, அடைத்த இடத்தில் சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் புதிய வைத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரக் கூடாது. வந்தது, அதுதான் என் சுபாவம்.

ஏனென்றால் குழாயோடு சேர்த்து ஒரு பட்டையையும் கொடுத்தார்கள். கையில் கட்டிக்கொண்டால் நாடித் துடிப்பையும், நடந்த அடிகளையும், தூங்கிய நேரத்தையும் எண்ணி, நான் பார்த்துவந்த கிளினிக்குக்கும் என் மகளின் போனுக்கும் அனுப்பிவிடும். ராத்திரி எத்தனை தடவை பாத்ரூமுக்கு எழுந்தேன் என்பது வரை அவளுக்குத் தெரிந்தது. பெற்ற மகளிடம் ஒரு மனிதன் மறைத்துக்கொள்ளக் கூடியது அதுவும் போனால் வேறென்ன மிச்சம்? தினமும் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. சாயங்காலம் ஆனால் மகள் போன் செய்து, அப்பா இன்று எழுநூற்றுப் பத்து என்பாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் திட்டு வாங்க வேண்டும். பஸ்ஸில் நாலு பேரை ஏறவிடாமல் விரட்டியவன், பெண் பிள்ளையிடம் கைகட்டி நின்றேன்.

ஏமாற்றப் பார்த்தேன். டி.வி. பார்த்துக்கொண்டே கையை ஆட்டினேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நாள் பட்டையைக் கூரைக் காற்றாடியின் இறக்கையில் கட்டி மெதுவாகச் சுற்றவிட்டேன். பத்தாவது நிமிஷம் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, ஐயா நலமா, உங்களுக்கு நாடியே வரவில்லையே என்றாள். கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கிறேன் என்றேன். குளித்துக்கொண்டே நாலாயிரம் அடி நடந்திருக்கிறீர்களே ஐயா என்றாள். மானம் கப்பலேறிவிட்டது. பட்டைக்கு உயிருள்ள கை ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

உயிருள்ள கை மறுநாள் காலை எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க வீடு வீடாக நடக்கிற மனிதர். கட்டிக்கொண்டு போய்விட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றேன். மீட்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது பொய் ரீடிங் ஆச்சேண்ணே,” என்றார்.

ஒரு வாரம்தான் என்றேன். மகளின் தொல்லை தாங்கவில்லை, இந்தக் கவலையிலேயே இன்னொரு அடைப்பு வந்துவிடும் என்றேன். கடைசியில், நாலு வருஷமாக என் வீட்டு டீ குடிக்கிறீர்களே, இதுகூடச் செய்யக் கூடாதா என்றும் சொன்னேன். சொல்லிக்காட்டினேன் என்பதுதான் உண்மை. இருபத்தாறு வருஷம் குத்துமதிப்பு எழுதாத மனிதர் கையை நீட்டினார். பட்டையை நானே கட்டிவிட்டேன்.

ஒரு வாரம் இரண்டு மாதம் ஆனது. காலையில் கட்டிக்கொண்டு போவார், நாலு மணிக்குக் கொண்டுவந்து தருவார். மகள் மனம் குளிர்ந்துபோனாள். என் அடிக் கணக்கை ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினாளாம். எங்கப்பா இந்த வயசில் எவ்வளவு நடக்கிறார் பாருங்கள் என்று பெருமைப்பட்டாளாம். கிளினிக் டாக்டரும் பாராட்டிச் செய்தி அனுப்பினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் கூச்சமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. எங்கே இருக்கிறீர்கள், உட்காருங்கள், நெஞ்சு வலிக்கிறதா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். பட்டை எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது.

“அப்பா, இது ஒரு வாரத்துல நாலாவது தடவை. கிளினிக்ல இருந்து எனக்கே போன் பண்ணிட்டாங்க.”

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். டிக்கெட் கிழித்த கை போல நிதானமாக இருந்தது. ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நொடிதான், அது யாருடைய நெஞ்சு என்பது உறைத்தது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அம்மா, பட்டை என் கையில் இல்லை என்று நாலு வார்த்தை. நான் சொன்னதோ, மாடிப்படி ஏறினேன், பட்டை வேறு லூஸாக இருக்கிறது என்று. அவள் நம்பவில்லை. மறுநாளே கிளினிக்குக்குப் போவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் மீட்டர் பட்டையைக் கொண்டுவந்தபோது, இனி வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. தப்பு ஒன்று தலையிலிருந்து இறங்கியதுபோல் சிரித்துக்கொண்டே போனார். அந்த மனிதருடைய நெஞ்சைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரே பொருளையும் நான் அவிழ்த்து எடுத்துவிட்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

புதன்கிழமை கிளினிக்கில் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. டாக்டர் அதற்கு அசரவில்லை. இந்த வகைத் துடிப்பு வரும், போகும், வராத நேரத்தில் எடுத்தால் தெரியாது என்றார். பட்டை அனுப்பிய கோடுகளைத் திரையில் காட்டினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு, திடீரென்று கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பஸ்போல நின்று நின்று இடித்துக்கொண்டு போனது. இப்படித் துடிக்கும்போது இருதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், ஒரு மாத்திரை தினமும் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்.

“நீங்க அதிர்ஷ்டசாலி சார். முன்னெல்லாம் ஆள் விழுந்ததுக்கு அப்புறம்தான் எங்களுக்கே தெரியும். இப்போ முன்னாடியே தெரிஞ்சிடுது.”

போனில் மகள் முகம் தெரிந்தது. நிம்மதியில் அழுதாள். பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். காற்றாடி விஷயத்தில் என்னைப் பிடித்த அதே பெண். இத்தனை பேர் முன்னால், இரண்டு மாதமாக நான் ஏமாற்றினேன், இது என் நெஞ்சே இல்லை என்று எப்படிச் சொல்வது? இதுதான் அன்று என் பெரிய பிரச்சினை. ஒரு மனிதனுடைய கை காலை விட, என் முகம் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்னொருவருடைய வியாதிக்கு எழுதிய சீட்டை என் பெயரில் வாங்கி, மாத்திரையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வெளியே வந்தேன்.

நேராக மீட்டர் வீட்டுக்குத்தான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அதில் பொய்யில்லை. இரண்டு அறை வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து வாளிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து, வாங்கண்ணா என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டாள். கூடப் பிறந்தவர்கள்கூட எட்டிப் பார்ப்பதில்லை, நீங்கள் வந்ததே சந்தோஷம் என்றாள். நான் டீயை ஊதிக்கொண்டே, உடம்பு எப்படி இருக்கிறது, மயக்கம் கியக்கம் உண்டா என்று மீட்டரிடம் கேட்டேன்.

“படி ஏறினா லேசா படபடங்குதுண்ணே. வயசாகுதில்ல.”

சொல்வதற்கு வாசல் திறந்துதான் இருந்தது. நுழைந்தால் போதும். ஆனால் சொன்னால் அவர் அந்தக் கோடுகளோடு அதே டாக்டரிடம் போக வேண்டும், டாக்டர் மகளிடம் கேட்பார், மகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அவளிடம் நேரில், பக்குவமாக, நானே சொல்லிவிட்டு அப்புறம் இவரிடம் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். இடையில் நாலே நாள். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நெஞ்சுக்கு நானே ஜோசியம் பார்த்துக்கொண்டேன். யாராவது ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொன்னேன். மாசக் கடைசி ரீடிங் முடியட்டும் அண்ணே, பார்க்கலாம் என்றார். டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். மாத்திரை அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து பட்டையை என்னவெல்லாமோ திட்டினேன். மனுஷனை நிம்மதியாக இருக்கவிடாத சனியன் என்றேன். தெரியாமல் இருந்த காலத்தில் எல்லோரும் சுகமாக இருக்கவில்லையா என்று சுவரிடம் கேட்டேன். அப்பாவுடைய படம் அதே சுவரில்தான் மாட்டியிருந்தது. அவருக்கு இப்படி ஒன்று யாராவது கட்டிவிட்டிருந்தால் எனக்குக் கல்யாணம் செய்து வைத்திருப்பார், பேத்தியைத் தூக்கியிருப்பார். பட்டை அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மீட்டர் எப்படிச் செய்வாரோ அப்படி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பியது. யாருடைய கை என்று மட்டும் அதற்குத் தெரியாது. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான்தான் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, பூங்காவுக்குப் பின்னால் உள்ள தெருவில், மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவில்லை. அந்த வீட்டுக்காரர் முதலில் எண்ணைப் படிக்கிறார் என்றே நினைத்தாராம். அப்புறம், குழிக்குள்ளிருந்து வருகிற சத்தம் எண் மாதிரி இல்லையே என்று ஓடிவந்து தூக்கியிருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கியது.

அவர் மனைவி எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நீங்கள் வாருங்கள் அண்ணா, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றாள். போனேன். அவசரப் பிரிவு டாக்டர், சின்ன வயதுப் பெண், வராந்தாவில் நின்றுகொண்டு அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பி.பி. உண்டா, சுகர் உண்டா, துடிப்பு முன்னால் எப்போதாவது தவறியிருக்கிறதா? அவள் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை டாக்டர், நாய்க்கடி ஊசிக்குத் தவிர ஆஸ்பத்திரிப் படியே ஏறினதில்லை, யாரும் எதுவும் சோதித்ததில்லை என்றாள்.

“சோதிச்சிருக்காங்க,” என்றேன்.

டாக்டரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பதிவு வேண்டும், உடனே வேண்டும் என்று மட்டும் சொன்னார். மகளுக்குப் போன் செய்தேன். பட்டை இரண்டு மாதமாகப் பகலில் என் கையில் இல்லை, மீட்டர் கையில் இருந்தது, அந்தத் துடிப்பு அவருடையது, அவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அனுப்புகிறேன் என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் மீட்டருடைய துடிப்பு முழுவதும், என் பேரும் என் வயதும் தலையில் போட்டு, டாக்டரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

உயிர் தப்பிவிட்டது. கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், என்னென்னவோ கருவிகள் அவரைச் சுற்றி நின்றன. அந்தக் கருவிகள் இல்லாத காலமாக இருந்தால் அந்தக் குழி ஓரத்திலேயே முடிந்திருப்பார். ஆனால் பேச்சு குழறலாகத்தான் இருக்கும், வலது கை பழையபடி வருவது கஷ்டம் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள். என் சட்டைப் பையில் இருந்த அதே மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர், மீட்டரின் மனைவியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை; அது நீங்கள் சொல்ல வேண்டியது என்று என்னிடம் விட்டிருந்தார். மீட்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். விழித்திருந்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். காற்றாடியில் கட்டியதிலிருந்து ஆரம்பித்தேன். அதெல்லாம் எதற்கு என்பதுபோல் முதலில் பார்த்தாள். பட்டையைக் கட்டச் சொல்லி வற்புறுத்தியது, செவ்வாய்க்கிழமை போன் வந்தது, பட்டையை வாங்கிக்கொண்டது, கிளினிக்கில் டாக்டர் சொன்னது, மாத்திரை வாங்கியது எல்லாம் சொன்னேன். எனக்கு அவமானமாக இருக்கிறது, மன்னிப்பு கேட்கக்கூட வாய் கூசுகிறது என்றும் சொன்னேன். சொல்லும்போதே, என் அவமானத்தை அவளிடம் பெரிதாகக் காட்டிக்கொள்கிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் அழவில்லை. புருஷனுடைய வலது கையை எடுத்து, விழாதபடி தலையணைமேல் வைத்தாள். கிளினிக் போனது என்றைக்கு என்று கேட்டாள். புதன்கிழமை என்றேன்.

“அன்னைக்கு சாயங்காலம் நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே.”

“ஆமா தங்கச்சி.”

“உக்காந்து டீ குடிச்சீங்க. படபடங்குதுன்னு அவரு சொன்னாரு. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் போர்வையை இழுத்து அவர் கால்வரை மூடினாள். பிறகு, பார்வையாளர் நேரம் முடியப்போகிறது, நீங்கள் கிளம்புங்கள் சார் என்றாள். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு அவரை நான்தான் கூட்டிப் போகிறேன், அதற்கு அவள் மறுப்பு சொல்வதில்லை. அண்ணா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.